ஒப்பமிடும் கையும் ஆளும் கையும்

2008-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதியன்று, டில்லியில் கூடியிருந்த ஒரு மாநாட்டினருக்கு இஸ்லாமாபாத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே உரையாற்றிய பாகிஸ்தான் ஜனாதிபதி ஆசிப் அலி சர்தாரி, தமது நாடு அணு ஆயுதத்தை முதலில் பிரயோகிக்காது என்று வாக்களித்தார். முதலில் பிரயோகிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க ஒருபோதும் இசையாத ஒரு தேசத்தின் தலைவர், அதிலும் அத்தேசத்தின் அணு ஆயுதங்களுக்குப் பொறுப்பான தேசியக் கட்டளை ஆணையத்துக்கு அப்போது சட்டப்படி தலைமை வகித்தவர், இவ்வாறு பகிரங்கமாகச் சொன்னது சாமானியமான செய்தி அன்று. ஆயினும் அந்த வாக்கு அன்றும் பாகிஸ்தானின் கொள்கையாகவில்லை. இன்று வரையிலும் ஆகவில்லை.

நான்கு நாட்கள் கழித்து, கராச்சியிலிருந்து கடல் வழியே வந்த பத்துப் பேர் மும்பை நகரில் 160-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டார்கள். விசாரணைக்கு உதவும் பொருட்டு ஐ.எஸ்.ஐ. என்னும் உளவு ஸ்தாபனத்தின் தலைவரையே இந்தியாவுக்கு அனுப்புவதாகப் பாகிஸ்தானின் பிரதம மந்திரி முதலில் இசைந்தார். சில மணி நேரத்துக்குள் அந்த இசைவு திரும்பப் பெறப்பட்டது. அதே நாட்களில், இந்திய வெளிவிவகார மந்திரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ ஒருவர் சர்தாரிக்குத் தொலைபேசியில் விடுத்த யுத்த மிரட்டலை மெய்யென்று நம்பிப் பாகிஸ்தான் தன் படைகளை உச்ச ஆயத்த நிலையில் நிறுத்தியது என்ற செய்தியும் பின்னர் வெளியாயிற்று. நாட்டின் முதல் பதவியில் இருப்பவர் அளித்த சமாதான வாக்குக்குப் பலன் இல்லை. முகம் தெரியாத ஒருவனின் பொய் மிரட்டலுக்கோ போர் விமானங்கள் ஆயத்தமாகின்றன. ஒரே வார காலத்துக்குள் நிகழ்ந்த இவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பவர்களுக்கு, அணு ஆயுதம் படைத்த நாட்டில் அரசியல் ஸ்திரமின்மை எத்தகைய அபாயத்தைப் பிறப்பிக்கிறது என்பதை வேறு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாகிஸ்தானில் அரசியல் கொந்தளிப்பு எழும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், மேல்நாட்டுத் தலைநகரங்களிலும் நமது பத்திரிகைகளிலும் எழுப்பப்படும் முதல் கேள்வி, அந்நாட்டின் அணுகுண்டுகள் தீவிரவாதிகளின் கையில் சிக்கிவிடுமோ என்பதுதான். அது அடியோடு ஆதாரமற்ற பயம் அன்று. ஆனால் அந்த ஒரு பயத்தில் சிந்தனை முழுவதையும் செலவிட்டுவிட்டதன் பயனாக, அதைக் காட்டிலும் அண்மையிலுள்ளதும், ஏற்கெனவே பல முறை நேர்ந்ததுமான வேறொரு அபாயத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் ஒருவராகவும், அதை நிறைவேற்றவோ முறியடிக்கவோ வல்லவர் வேறொருவராகவும் இருக்கும் நாட்டுடன், ஆபத்து நேரும் வேளையில் அயல் நாடு யாரிடம் பேசுவது, யார் சொல்லை நம்புவது என்பதே அந்த அபாயம்.

இந்நிலை ஒரே நாளில் உண்டானதன்று. சுதந்திரம் பெற்ற ஐந்தாண்டுகளுக்குள், 1951 அக்டோபரில், பாகிஸ்தானின் முதல் பிரதம மந்திரி லியாகத் அலி கான் ராவல்பிண்டி நகரப் பூங்கா ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அவர் பெயரையே தாங்கிய அப்பூங்காவிலிருந்து வெளியேறுகையில்தான் 2007 டிசம்பர் 27-ஆம் தேதி பேநசீர் பூட்டோவும் கொல்லப்பட்டார். இவ்விரு கொலைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அயூப் கான், யாஹியா கான், ஜியா உல் ஹக், பர்வேஸ் முஷாரப் என்று நான்கு தளபதிகள் ஆட்சியைக் கைக்கொண்டனர். பாகிஸ்தானின் பிரதம மந்திரிகளுள் ஒருவரேனும் ஐந்தாண்டுப் பதவிக் காலத்தை நிறைவு செய்ததில்லை என்பது இன்று வரையிலும் மாறாத உண்மை.

அணுத் திட்டத்துக்கு வித்திட்டவர் தளபதி அல்லர்; மக்கள் தலைவரான ஜுல்பிகார் அலி பூட்டோ. கிழக்கு வங்காளத்தை இழந்த துயரம் ஆறாத 1972 ஜனவரியில், முல்தான் நகரில் விஞ்ஞானிகளைக் கூட்டி அணுகுண்டு செய்யும் சங்கற்பத்தை அவர் வெளியிட்டார். ஐந்தரை ஆண்டுகளில், அவரே தேர்ந்தெடுத்து நியமித்த ஜியா உல் ஹக் அவரைப் பதவியினின்று வீழ்த்தி, 1979 ஏப்ரலில் தூக்கிலிடவும் செய்தார். அன்று இராணுவத்தின் கைக்குப் போன அத்திட்டம் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு மெய்யாகத் திரும்பவே இல்லை. 1988-இல் பிரதம மந்திரியான பூட்டோவின் மகள் பேநசீரே, அதன் முழு விவரங்களும் தம்மிடமிருந்து மறைக்கப்பட்டதாகப் பிற்காலத்தில் கூறினார்.

இந்தப் பிளவு வெளிநாட்டு உறவில் விளைத்த விபரீதத்துக்கு 1999-ஆம் ஆண்டைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தி ஓராண்டுகூட நிறையாத அவ்வாண்டின் பிப்ரவரியில், வாஜ்பாய் பேருந்தில் லாகூர் சென்று நவாஸ் ஷெரீப்புடன் ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டார். அணு ஆயுதங்கள் தற்செயலாகவோ அனுமதியின்றியோ பிரயோகமாகும் அபாயத்தைக் குறைப்பதாக இரு அரசுகளும் அதில் உறுதி கூறின. அந்த மை உலரும் காலத்திலேயே, பாகிஸ்தான் படைவீரர்கள் கார்கில் சிகரங்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தமக்கு முழுவதும் தெரிவிக்கப்படவில்லை என்று ஷெரீப்பும், எல்லாம் தெரிவிக்கப்பட்டது என்று முஷாரப்பும் அதன்பின் பல ஆண்டுகள் வாதாடினர். ஜூலை 4-ஆம் தேதி வாஷிங்டனில் ஷெரீப்பைச் சந்தித்த கிளிண்டன், உமது இராணுவம் அணு ஏவுகணைகளை ஆயத்தம் செய்துவருவதை நீர் அறிவீரா என்று வினவியதாகவும், அதைக் கேட்டு ஷெரீப் திகைத்தவராகக் காணப்பட்டதாகவும் அங்கு உடனிருந்த அமெரிக்க அதிகாரி புரூஸ் ரீடல் எழுதியிருக்கிறார். அந்த ஆயத்தம் எந்த அளவுக்கு நடந்தது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் பிரதம மந்திரி தம் நாட்டின் அணு ஆயுதங்களைப் பற்றி அந்நிய நாட்டு ஜனாதிபதியின் வாயிலாகக் கேட்டறிய நேரிடலாம் என்று உலகம் நம்புவதற்கு இடமிருந்ததே பயங்கரமான விஷயம். அவ்வாண்டு அக்டோபரில் அவரது ஆட்சியே கவிழ்ந்தது.

பின்வந்த ஆண்டுகளும் இதையே வெவ்வேறு உருவில் காட்டின. 2015 டிசம்பர் 25 அன்று நரேந்திர மோடி முன்னறிவிப்பின்றி லாகூரில் இறங்கி அதே ஷெரீப்பின் இல்லத்துக்குச் சென்றார். ஒரு வாரத்தில் பட்டாண்கோட் விமானத் தளம் தாக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் எல்லைக் கோட்டில் போர்நிறுத்தத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதென்று இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைவர்கள் உடன்பட்டார்கள். அவ்வுடன்பாடு ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. ஆனால் அடுத்த மாதமே இந்தியாவிலிருந்து சர்க்கரையும் பஞ்சும் இறக்குமதி செய்யலாம் என்று பாகிஸ்தானின் பொருளாதாரக் குழு எடுத்த முடிவை, மறுநாளே மந்திரிசபை நிராகரித்துவிட்டது. பீரங்கிகளை மௌனமாக்கும் உடன்பாடு நிலைத்திருக்க, சர்க்கரை வாங்கும் தீர்மானம் ஒரு நாள்கூடத் தாங்காதது ஏன் என்று வினவினால், முன்னதில் ஒப்பமிட்ட கையும் நிறைவேற்றும் கையும் ஒன்றாயிருந்தன என்பதே விடை.

அப்படியானால் அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பேசிவிடலாமே, ஜனநாயக வேடத்தில் இருப்பவர்களோடு காலத்தை வீணாக்குவானேன் என்று ராஜதந்திர விஷயங்களில் பழக்கமுள்ள சிலர் வாதிக்கிறார்கள். 2025 மே மாதத்தில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்ற இராணுவத் தளபதி ஆசிம் முனீர், அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய 27-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வாயிலாக முப்படைகளுக்கும் தலைவராக உயர்த்தப்பட்டு, அணுப்படைக்கான தளபதியைத் தேர்ந்தெடுப்பதிலும் முதன்மை பெற்றிருப்பதால், இவ்வாதம் இப்போது முன்னிலும் கவர்ச்சியுடையதாகத் தோன்றலாம். அதிகாரம் ஒரே கையில் திரண்டுவிட்டது. ஆகவே ஸ்திரம் வந்துவிட்டது என்பது இவர்கள் கணக்கு.

சரித்திரம் இக்கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் ஆண்ட அயூப் கான் வீதியில் எழுந்த கிளர்ச்சிக்கு முன் பதவி விலகினார். யாஹியா கான் தேசத்தின் பாதியை இழந்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஜியா உல் ஹக் பஹவல்பூர் அருகே விமானத்தோடு மடிந்தார். முஷாரப்பின் கதையோ நமக்கு இன்னும் நெருங்கியது. 2005 முதல் மன்மோகன் சிங்கின் தூதர் சதீந்தர் லாம்பாவும் முஷாரப்பின் தூதர் தாரிக் அஜீஸும் அந்தரங்கமாகச் சந்தித்து, காஷ்மீரப் பிரச்னைக்கு எல்லைகளை மாற்றாமலேயே ஒரு தீர்வைக் காணும் நிலைக்கு வெகு அருகில் வந்திருந்தார்கள். 2007 மார்ச்சில் தலைமை நீதிபதி இப்திகார் சௌத்ரியை முஷாரப் விலக்கிவைக்க முற்பட்டதும், கறுப்பு அங்கி அணிந்த வக்கீல்கள் ஊர்தோறும் வீதியில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவி துறக்க, மூன்றாண்டு உழைப்பும் அவரோடு கரைந்தது. ஜன சம்மதம் என்னும் அஸ்திவாரம் இல்லாத ஆட்சி, உறுதியாகத் தோன்றும் காலத்திலேயே உள்ளே விரிசல் கண்டிருக்கும். எனவே மந்திரியை நம்பிக் கட்டியதும் நிற்கவில்லை, தளபதியை நம்பிக் கட்டியதும் நிற்கவில்லை.

இனி, ஆயுதங்கள் திருட்டுப்போகும் என்ற அந்தப் பழைய பயத்தை எடுத்துக்கொள்வோம். 2009 அக்டோபரில் ராவல்பிண்டியிலுள்ள இராணுவத் தலைமையகமும், 2011 மே மாதத்தில் கராச்சியின் மெஹ்ரான் கடற்படைத் தளமும் தீவிரவாதிகளால் தாக்கப்பட்டபோது உலகம் நடுங்கியதில் நியாயம் உண்டு. ஆயினும் அணு ஆயுதங்களைக் காப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவை அந்நாட்டு இராணுவம் அமைத்து, ஆயிரக்கணக்கான வீரர்களை அதில் ஈடுபடுத்தியிருக்கிறது. பாகிஸ்தானிலிருந்து அணு ரகசியம் வெளியே போனது உண்மை. ஆனால் அது தாக்க வந்த கூட்டத்தின் கையால் போகவில்லை. ஈரானுக்கும் லிபியாவுக்கும் வட கொரியாவுக்கும் அதைக் கொண்டுசேர்த்ததாக 2004 பிப்ரவரி 4-ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டவர், தேசிய வீரராகப் போற்றப்பட்ட அப்துல் காதர் கானேதான். பல ஆண்டுகள் நடந்த அந்த வியாபாரத்தைக் கேட்பதற்குப் பாராளுமன்றத்துக்குத் துணிவு இல்லை. நீதிமன்றத்துக்கு வழி இல்லை. பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் இல்லை. மறுநாளே அவருக்கு மன்னிப்பும் வழங்கப்பட்டது. பூட்டுகள் பலமாக இருந்தும் சாவி வைத்திருப்பவரைக் கேள்வி கேட்க நாதியில்லாத வீட்டின் நிலை இதுதான்.

சாவியைப் பற்றிய இக்கவலையை ஆயுதங்களின் தன்மையும் பெருக்குகிறது. 2011-இல் பாகிஸ்தான் சோதித்த நஸ்ர் என்னும் ஏவுகணை வெறும் 60 கிலோமீட்டர் தூரமே செல்லக்கூடியது. இத்தகைய குறுந்தூர ஆயுதம் போர்முனைக்கு அருகே கொண்டுசெல்லப்பட்டால்தான் பயன்படும்; அருகே கொண்டுசென்றபின், அதை ஏவும் தீர்மானம் தலைநகரைவிட்டு மெல்ல மெல்லக் களத்திலுள்ள அதிகாரிகளை நோக்கி நகரும் நிர்ப்பந்தம் உண்டாகும். தலைநகரில் யார் ஆள்கிறார் என்பதே சந்தேகத்துக்கு இடமாகும் ஒரு தினத்தில் இது எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த ஸ்திரமின்மையை வளர்த்ததில் வல்லரசுகளுக்கும் பங்கு உண்டு. அணுத் திட்டத்தின் காரணமாக 1979 ஏப்ரலில் பாகிஸ்தானுக்கு உதவியை நிறுத்திய அமெரிக்கா, அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததும் தன் மனத்தை மாற்றிக்கொண்டு, 1981-இல் 320 கோடி டாலர் உதவியை ஜியாவுக்கு அளிக்க முன்வந்தது. அணுகுண்டு அந்நாட்டிடம் இல்லை என்று அமெரிக்க ஜனாதிபதிகள் ஆண்டுதோறும் சான்றளித்தார்கள். சோவியத் படை வெளியேறியபின், 1990-இல் அச்சான்று நின்றது, உதவியும் நின்றது. 2001-இல் மீண்டும் தேவை ஏற்பட்டதும், ஜனநாயகத்தைக் கவிழ்த்த முஷாரப் உற்ற நண்பரானார். இவ்வாறு மீண்டும் மீண்டும் பெற்ற அனுபவம் பாகிஸ்தானின் ஆளும் வர்க்கத்துக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டது: நாம் விழுந்தால் உலகத்துக்கே ஆபத்து என்ற எண்ணம் இருக்கும் வரையில், நம்மை விழவிட மாட்டார்கள் என்பதே அது. பலவீனமே மூலதனமாகும் தேசத்தில், பலவீனத்தைப் போக்கும் சீர்திருத்தத்துக்கு ஆள்வோரிடம் ஆர்வம் எங்கிருந்து பிறக்கும்? வரி கொடுக்க வேண்டியவர் கொடுக்காமலும், நிலவுடைமை சீர்படாமலும், பள்ளிக்கூடங்கள் பெருகாமலும் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் துயரத்தை அனுபவிப்பவர்கள் அந்நாட்டின் ஏழைப் பிரஜைகளே.

அணு ஆயுத நாட்டில் அரசாங்கம் ஆட்டங்காணுவது பாகிஸ்தானுக்கு மட்டும் உரிய விதி அன்று. 1961 ஏப்ரலில் அல்ஜீரியாவில் பிரெஞ்சுத் தளபதிகள் கலகக் கொடி உயர்த்திய அதே நாட்களில், அதே அல்ஜீரியாவின் சஹாரா மணலில் பிரான்ஸ் ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவ் கிரைமியாவில் சிறைவைக்கப்பட்ட மூன்று நாட்களும், உலகின் மிகப் பெரிய அணுக் குவியல்களுள் ஒன்று அதன் சட்டபூர்வமான தலைவரின் தொடர்பிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. எதிரி தானாகவே சிதைகிறான் என்று வாஷிங்டன் மகிழ்ந்து வாளாவிருந்திருக்கலாம். ஆனால் அடுத்த மாதமே ஜார்ஜ் புஷ் தம் நாட்டின் குறுந்தூர அணு ஆயுதங்களைப் பெருமளவு திரும்பப் பெறுவதாக அறிவிக்க, கோர்பச்சேவும் அக்டோபரில் அவ்வாறே செய்தார். சோவியத் அணு ஆயுதங்களைப் பத்திரப்படுத்தவும் அழிக்கவும் அமெரிக்கக் காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. நாற்பதாண்டுப் பகைவனின் வீழ்ச்சியில் ஆதாயம் தேடுவதற்கு முன்னால், அவனது ஆயுதங்களைப் பத்திரப்படுத்த உதவியது விவேகம். அவ்விவேகம் தெற்கு ஆசியாவுக்கும் வேண்டும்.

ஏனெனில், இங்கே தவறு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. 2022 மார்ச் 8-ஆம் தேதி இம்ரான் கானின் அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. மறுநாள் மாலை, இந்தியாவிலிருந்து கைத்தவறாக ஏவப்பட்ட பிரமோஸ் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்னும் ஊரருகே போய் விழுந்தது. வெடிமருந்து இல்லாததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. இரு தினங்கள் கழித்து இந்தியா தன் தவற்றை ஒப்புக்கொண்டு வருந்தியது. மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் ஆட்சி கவிழும் தறுவாயில் இருந்த ஒரு பிரதம மந்திரி, தன் வீரத்தை நிலைநாட்டிக்கொள்ள அதை ஒரு வாய்ப்பாகக் கருதியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

யார் சொல்லை நம்புவது என்ற கேள்வி 2025 மே மாதத்திலும் எழுந்தது. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து இரு நாடுகளும் நான்கு நாட்கள் வானவழியே தாக்கிக்கொண்ட அப்போரின் இறுதி நாளான மே 10-ஆம் தேதி காலையில், தேசியக் கட்டளை ஆணையத்தின் கூட்டத்தைப் பிரதம மந்திரி கூட்டியிருப்பதாகப் பாகிஸ்தான் இராணுவத் தரப்பு தெரிவித்தது. அப்படி ஒரு கூட்டமே இல்லை என்று அந்நாட்டின் பாதுகாப்பு மந்திரி பின்னர் கூறினார். அணு ஆயுதத்தைப் பற்றிய ஒரே விஷயத்தில் ஒரே அரசாங்கத்தின் இரண்டு வாய்கள் இரண்டு விதமாகப் பேசின. அன்று மாலை போரை நிறுத்தியதற்கு வெளிநாட்டார் பலர் உரிமை கொண்டாடினாலும், இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைவர்களுக்கு இடையிலுள்ள நேரடித் தொலைபேசி வழியேதான் இறுதிச் சொல் பரிமாறப்பட்டது.

நிலைத்தவை எவை என்று இப்போது எண்ணிப் பார்ப்போம். ஒருவர் அணுநிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று ராஜீவ் காந்தியும் பேநசீரும் 1988 டிசம்பர் 31-ஆம் தேதி செய்துகொண்ட உடன்படிக்கை இருக்கிறது. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியன்று இரு நாடுகளும் தத்தம் அணுநிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் யுத்தத்துக்குப் பின்னும், மும்பைத் தாக்குதலுக்குப் பின்னும், புல்வாமாத் தாக்குதலுக்குப் பின்னும் அது தவறியதில்லை. நமது கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் போன்ற அணுமின் நிலையங்களுக்கும் அவற்றைச் சுற்றி வாழும் ஜனங்களுக்கும் அது ஒரு மௌனக் காவல். ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே அறிவிக்கும் 2005-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது. அணு விபத்துகளை உடனே தெரிவிக்கும் 2007-ஆம் ஆண்டு ஒப்பந்தம், சம்ஜோதா ரயிலில் குண்டு வெடித்துப் பாகிஸ்தானியர் பலர் மாண்ட மூன்றே நாட்களில், ஒத்திவைக்கப்படாமல் கையெழுத்தாயிற்று. இவற்றில் எதற்கும் கரகோஷம் எழவில்லை. எந்தத் தலைவரின் புகழும் இவற்றோடு பிணைக்கப்படவில்லை. அதனாலேயே இவற்றைக் கவிழ்ப்பதால் எவருக்கும் அரசியல் லாபம் கிடைக்கவில்லை. தலைவர்கள் மாறியும் மாண்டும் போனபின் இவை வாழ்கின்றன.

இந்தியா மேற்கொள்ளவேண்டிய கொள்கை இதிலிருந்து தெளிவாகிறது. பாகிஸ்தானில் ஒரு நல்ல தலைவர் வரட்டும் என்று காத்திருப்பதையும், வந்தவரைத் தழுவி ஒரே சந்திப்பில் சரித்திரம் படைக்க முனைவதையும் விட்டு, யார் ஆண்டாலும் பழுதின்றி இயங்கக்கூடிய சிறு சிறு ஏற்பாடுகளைப் பெருக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பிரமோஸ் போன்ற ஏவுகணைகளை உள்ளடக்கவில்லை. அக்குறை நீங்க வேண்டும். தவறி ஏவப்பட்டது எதுவாயினும், இரண்டு நாட்களில் அன்று, இரண்டு நிமிஷங்களில் மறுபக்கத்துக்குத் தெரிவிக்கும் கடமை எழுத்தில் வர வேண்டும். உறவு எவ்வளவு கெட்டாலும் தூதரகங்கள் முற்றும் மூடப்படலாகாது. 1960 முதல் மூன்று யுத்தங்களைத் தாங்கி நின்ற சிந்து நதி உடன்படிக்கையை இந்தியா இப்போது நிறுத்திவைத்திருப்பதற்குக் காரணமான கோபம் நியாயமானதே. ஆயினும் நிலைத்தவை வெகு சிலவாக உள்ள ஓர் உறவில், நிலைத்த ஒன்றை நெடுங்காலம் அசைத்துவைப்பது நமக்கே நஷ்டம் என்பதையும் ஆள்வோர் சிந்திக்க வேண்டும்.

பயங்கரவாதத்துக்கு இடம் கொடுப்பவர்களிடம் தளர்ச்சி காட்டவேண்டும் என்பது இதன் பொருளன்று. தண்டனை வேண்டிய இடத்தில் தண்டனை வேண்டியதே. ஆனால் தண்டிக்கும் வலிமை கொண்ட நாட்டுக்கு, அத்தண்டனை எங்கே நிற்கவேண்டும் என்பதை மறுபக்கத்துக்கு ஐயமின்றி உணர்த்தும் சாதனமும் வேண்டும். உணர்ந்துகொள்ளும் நிலையில் மறுபக்கத்தில் ஓர் அரசாங்கமும் இருக்க வேண்டும். அண்டை நாட்டின் ஆட்சி சரியும் செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே சிலர் கொண்டாடுவது இதனால்தான் அறியாமையாகிறது. ஏறத்தாழ 170 அணுகுண்டுகள் உள்ள நாட்டில், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நீதிமன்றமும், கேள்வி கேட்கும் பாராளுமன்றமும், பயமின்றி எழுதும் பத்திரிகையும் வேரூன்றுவது இந்தியாவின் பாதுகாப்புக்கே அத்தியாவசியமானது. 2007-இல் அடிபட்டும் நீதிக்காக வீதியில் நின்ற அந்த வக்கீல்கள், தாம் அறியாமலே, நமது எல்லையையும் காத்தவர்கள். பாகிஸ்தான் வலுவிழக்க வேண்டும் என்ற விருப்பத்தை அடியோடு களைந்துவிட்டு, அதன் சிவில் அரசாங்கம் வலுப்பெற வேண்டும் என்பதையே இந்தியா தன் வெளிநாட்டுக் கொள்கையின் நோக்கங்களுள் ஒன்றாகப் பகிரங்கமாக ஏற்கவேண்டும். பெருந்தன்மை அதைக் கோருகிறது என்பதற்காக மட்டும் அன்று, சுயநலமும் அதையே கோருகிறது என்பதற்காக.